ஒரே பக்கம், மூன்று உலாவி: தமிழ் எழுத்து ஒவ்வொன்றிலும் வேறு உயரம், வேறு தடிப்பு. ஏன்?

பக்கத்தறி கேட்டது:

வணக்கம். தமிழும் ஆங்கிலமும் கலந்து வரும் ஒரு செய்திப் பக்கம். விண்டோஸ் 11-இல் குரோம், பயர்பாக்ஸ், மேக்கில் சஃபாரி, ஐபோனில் சஃபாரி, குரோம் என ஐந்திலும் திறந்து பார்த்தால் ஒன்றுபோல் இல்லை. கண்ணில் படும் சிக்கல்கள்:

– பத்தியின் வரி உயரம் ஒவ்வொரு உலாவியிலும் வேறு. ஒரே உலாவியிலேயே ஆங்கிலம் மட்டும் வரும் வரி ஒட்டியும், தமிழ் வரும் வரி சற்று விலகியும் நிற்கிறது.

– 32 பிக்சல் உயரப் பொத்தானில் "மீண்டும்", "கீழே" என்ற சொற்களில் ஈகாரத்தின் மேல்சுழி விண்டோஸில் முழுதாகத் தெரிகிறது. மேக்கில் சீவினாற்போல் வெட்டுப்படுகிறது.

– தலைப்பு மேக்கில் மிகத் தடிப்பு. ண, ஞ இரண்டிலும் உள்வட்டம் அடைபட்டுப் போகிறது.

– மெனுவில் "தொடர்புக்கு" குரோமில் ஒரே வரியில் அடங்குகிறது. பயர்பாக்ஸில் மெனுவே அடுத்த வரிக்கு இறங்கிவிடுகிறது.

– தேடல் முடிவில் சொல்லை மஞ்சளில் காட்டும்போது சில இடங்களில் எழுத்து உடைந்து புள்ளிவட்டம் வருகிறது.

பத்திக்கு ஃபான்ட்-ஃபேமிலி: ஏரியல், ஹெல்வெட்டிகா, சான்ஸ்-செரிஃப். அளவு 16 பிக்சல். லைன்-ஹைட் எதுவும் தரவில்லை. தலைப்புக்கு மட்டும் எங்கள் சர்வரில் இருந்தே ஒரு தமிழ் வெப் ஃபான்ட், 400 எடை (சாதாரணத் தடிப்பு) கோப்பு ஒன்றுதான். அதற்கு லெட்டர்-ஸ்பேசிங் (எழுத்திடைவெளி) −0.02 எம், அதாவது எழுத்தளவில் 0.02 மடங்கு குறைவு. ரீசெட் சிஎஸ்எஸ் சேர்த்தும் மாற்றமில்லை. உலாவிக்கு ஒன்றாகத் தனித்தனி சிஎஸ்எஸ் எழுதுவதுதான் வழியா?

---

உருக்கூடம்:

தனித்தனி சிஎஸ்எஸ் வேண்டாம். நீங்கள் சொன்னதில் பாதிக்கு மேல் உலாவி வேறுபாடே இல்லை, எழுத்துரு வேறுபாடு. ரீசெட் கோப்பு மார்ஜின், பேடிங்கைச் சமன் செய்யும். எந்த எழுத்துரு வரையப்படுகிறது என்பதை அது தொடுவதே இல்லை.

ஏரியலிலும் ஹெல்வெட்டிகாவிலும் தமிழ் கிடையாது. ஆகவே தமிழ் எழுத்து வரும் ஒவ்வொரு இடத்திலும் உலாவி வேறொரு எழுத்துருவைத் தேடிப் போகிறது. விண்டோஸ் 8-இலிருந்து அது பெரும்பாலும் நிர்மலா யுஐ. லதாவும் விஜயாவும் விண்டோஸ் 10 முதல் விருப்பத்தேர்வாக நிறுவும் தமிழ்த் துணை எழுத்துருத் தொகுப்புக்குப் போய்விட்டன. அதை நிறுவியிருக்கும் கணினியில் பயர்பாக்ஸ் லதாவைப் பிடித்துக்கொள்ளவும் கூடும். மேக்கிலும் ஐபோனிலும் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், லினக்ஸில் நோட்டோவோ லோஹித் தமிழோ. உங்கள் சிஎஸ்எஸ்ஸில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் வாசகர் பார்ப்பது இவற்றைத்தான்.

முதலில் எது வரையப்படுகிறது என்று பாருங்கள். குரோம், எட்ஜ்: பத்தியின் மேல் வலது கிளிக், இன்ஸ்பெக்ட், கம்ப்யூட்டட் தாவலின் அடிவரை இறங்கினால் "ரெண்டர்டு ஃபான்ட்ஸ்" என்று இருக்கும். எழுத்துருவின் பெயரும் அதிலிருந்து எத்தனை உருக்கள் வந்தன என்பதும் அங்கே தெரியும். ஏரியலுக்கு ஒரு வரி, நிர்மலாவுக்கு ஒரு வரி எனப் பிரித்தே காட்டும். பயர்பாக்ஸ்: இன்ஸ்பெக்டரில் ஃபான்ட்ஸ் தாவல், பெயர்மேல் சுட்டியை வைத்தால் பக்கத்தில் அந்த எழுத்துரு வரும் இடங்கள் நிறமாகும். சஃபாரியின் ஃபான்ட் பலகை முதன்மை எழுத்துருவை மட்டும் காட்டும். அதில் "ஹெல்வெட்டிகா" என்று இருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். தமிழ் அங்கிருந்து வரவில்லை.

இனி வரி உயரம். லைன்-ஹைட் தராவிட்டால் அது "நார்மல்". நார்மல் என்பது ஒரு எண் அல்ல. எழுத்துருவுக்குள் இருக்கும் ஏற்றம், இறக்கம், வரியிடைவெளி மூன்றையும் கூட்டி வருவது. ஏரியலை எடுத்துக்கொள்ளுங்கள்: 2048 அலகுக்கு ஏற்றம் 1854, இறக்கம் 434, இடைவெளி 67. கூட்டினால் 2355, அதாவது 1.15 மடங்கு. 16 பிக்சலில் 18.4 வர வேண்டும். குரோம் ஒவ்வொன்றையும் தனித்தனியே முழு பிக்சலாக்கும்: 14.48 என்பது 14, 3.39 என்பது 3, 0.52 என்பது 1, மொத்தம் 18. தமிழ் எழுத்துருவின் ஏற்ற இறக்கம் இதைவிடக் கூடுதல். ஈகாரச் சுழிக்கு மேலே இடம் வேண்டும், கூ, மூ, ழூ போன்றவற்றுக்குக் கீழே இடம் வேண்டும். நார்மல் நிலையில் அந்த வரியில் பயன்பட்ட எல்லா எழுத்துருக்களின் அளவும் கணக்கில் சேரும். அதனால்தான் ஆங்கில வரி ஒட்டியும் தமிழ் வரி விலகியும் நிற்கிறது.

இதோடு இன்னொரு குழப்பம். ஓர் எழுத்துருக் கோப்பில் இந்த அளவுகள் மூன்று இடத்தில் எழுதப்பட்டிருக்கும்: ஹெச்ஹியா அட்டவணையில் ஒரு ஜோடி, ஓஎஸ்/2 அட்டவணையில் டைப்போ, வின் என்று இரண்டு ஜோடி. மேக் ஹெச்ஹியாவைப் படிக்கும். விண்டோஸ் பொதுவாக வின் ஜோடியைப் படிக்கும். எஃப்எஸ்செலக்‌ஷனின் 7-ஆம் பிட் ஏற்றப்பட்டிருந்தால் டைப்போவுக்குப் போகும். உருவாக்கியவர் மூன்றையும் ஒன்றாக வைக்காவிட்டால் ஒரே கோப்பு இரண்டு இயங்குதளத்தில் இரண்டு உயரம் தரும். உங்கள் வெப் ஃபான்டை ஃபான்ட்டூல்ஸ் என்ற எழுத்துருக் கருவித்தொகுப்பின் டிடிஎக்ஸ் கொண்டு பிரித்து இந்த மூன்று ஜோடியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உரிமம் அனுமதித்தால் மூன்றையும் சமமாக்கி, இடைவெளியை 0 ஆக்கி, 7-ஆம் பிட்டை ஏற்றிவிடுங்கள்.

கோப்பைத் தொட முடியாதென்றால், சிஎஸ்எஸ்ஸில் வெப் ஃபான்டை அறிவிக்கும் ஃபான்ட்-ஃபேஸ் விதிக்குள் அசென்ட்-ஓவர்ரைட், டிசென்ட்-ஓவர்ரைட், லைன்-கேப்-ஓவர்ரைட். குரோம் 87, பயர்பாக்ஸ் 89 முதல் உண்டு. சஃபாரி இதைக் கண்டுகொள்வதில்லை. உங்கள் சிக்கலே சஃபாரியில் என்பதால் இதை நம்பிப் பயனில்லை.

பத்திக்குச் செய்ய வேண்டியது எளிது: பாடி உறுப்பில் லைன்-ஹைட்: 1.65. அலகு இல்லாத வெறும் எண். 165% என்றோ 1.65 எம் என்றோ எழுதினால் பாடியின் 16 பிக்சலில் கணக்கிட்ட 26.4 பிக்சல்தான் எல்லாக் குழந்தை உறுப்புக்கும் இறங்கும். 32 பிக்சல் தலைப்பு இரண்டு வரியானால் வரிமேல் வரி ஏறிக்கொள்ளும்.

---

கூர்முனை:

உருக்கூடம் சொன்னதோடு ஒரு விவரம். லைன்-ஹைட்டுக்கு எண் தந்தவுடன் கணக்கு முறையே மாறுகிறது. அப்போது வரிப்பெட்டியின் உயரமும் எழுத்துகள் அமரும் அடித்தளக் கோட்டின் இடமும் பட்டியலின் முதல் எழுத்துருவை வைத்து மட்டுமே முடிவாகும். பின்னால் தேடி எடுத்த தமிழ் எழுத்துரு கணக்கிலேயே வராது. வரிகள் சமமாகிவிடும், சரி. ஆனால் பெட்டி ஏரியலுக்கு அளந்து தைத்தது. தமிழ்ச் சுழி அதற்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பத்தியில் தெரியாது. ஓவர்ஃப்ளோ: ஹிடன் உள்ள பொத்தானில் சீவப்படும். உங்கள் இரண்டாவது சிக்கல் இதுதான். இன்புட் பெட்டியில் ஹிடன் எழுதாமலேயே வெட்டுப்படும், ஏனென்றால் அதன் உள்பகுதி இயல்பாகவே வெளியே நீள்வதை மறைக்கும்.

பொத்தானில் ஹைட்: 32 பிக்சல் என்பதை எடுத்துவிட்டு மின்-ஹைட்: 32 பிக்சல், மேலும் கீழும் பேடிங் 0.35 எம், லைன்-ஹைட்: 1.5 என்று வையுங்கள். நீண்ட சொல்லை வெட்டி மூன்று புள்ளி காட்ட ஹிடன் தேவைப்பட்டால் அதை உள்ளே ஒரு ஸ்பேனுக்குத் தந்து, அந்த ஸ்பேனுக்கே மேல்கீழ் பேடிங் கொடுங்கள். ஹிடன் வெட்டுவது பேடிங்கின் வெளி விளிம்பில், ஆகவே சுழி பிழைக்கும். ஸ்பேன் இன்லைனாக இருந்தால் ஹிடன் வேலை செய்யாது, இன்லைன்-பிளாக் ஆக்குங்கள்.

தமிழ் எழுத்துருவைப் பட்டியலில் முதலாவதாகப் போட்டால் அளவுகள் அதிலிருந்தே வரும். ஆனால் ஆங்கிலமும் அதிலிருந்தே வரும், அது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். சிலர் யூனிகோட்-ரேஞ்சை, அதாவது அந்த எழுத்துரு எந்தெந்த எழுத்துகளுக்குப் பயன்பட வேண்டும் என்ற வரம்பை, தமிழுக்கு மட்டும் சுருக்கி முதலில் போடுவார்கள். அதில் ஒரு கண்ணி இருக்கிறது: "முதல் எழுத்துரு" என்று விதி சொல்வது, இடைவெளி எழுத்து, அதாவது 32-ஆம் குறியெண், எதன் ரேஞ்சுக்குள் அடங்குகிறதோ அந்த முதல் எழுத்துருவை. தமிழ்த் தொகுதி மட்டும் உள்ள ரேஞ்சில் இடைவெளி இல்லாததால் அளவு மறுபடியும் ஏரியலிடமே போய்விடும். நோக்கம் உருவம் மட்டும் என்றால் அது பரவாயில்லை. உயரமும் வேண்டுமென்றால் இடைவெளியையும் ரேஞ்சில் சேருங்கள். சொல்லிடைவெளியின் அகலமும் தமிழுக்கேற்றபடி கிடைக்கும்.

டெக்ஸ்ட்-பாக்ஸ்-ட்ரிம் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது, குரோம் 133-இலும் சஃபாரி 18.2-இலும். பொத்தான் எழுத்தை நடுவில் நிறுத்த இப்போது பலரும் பரிந்துரைக்கிறார்கள். அது வெட்டுவது ஆங்கிலப் பெரிய எழுத்தின் உச்சியில். தமிழுக்கு அதை வைத்தால் சுழிக்கு மிஞ்சியிருந்த கொஞ்ச இடமும் போகும்.

---

மைத்தடம்:

தடிப்பு பற்றி மட்டும் சொல்றேன். மேக்கில் தலைப்பு குண்டாத் தெரிய ரெண்டு காரணம், ரெண்டும் ஒண்ணா சேர்ந்திருக்கு.

முதல் காரணம் போலி போல்ட். ஹெச்1, ஹெச்2 எல்லாம் இயல்பாவே 700 எடை, அதாவது போல்ட். உங்ககிட்ட இருக்கிறது 400 கோப்பு மட்டும். உலாவி என்ன பண்ணும்? இருக்கிற உருவத்தையே தடிக்க வச்சு போல்ட் மாதிரி காட்டும். குரோம் உருவத்தோட விளிம்பை அளவுக்கேத்த மாதிரி வெளியே ஊதும். சஃபாரி அதே எழுத்தைக் கொஞ்சம் தள்ளி இன்னொரு தடவை வரையும். அதனால ஒரே கோப்புக்கு ஒவ்வொரு உலாவியிலும் ஒவ்வொரு தடிப்பு. லத்தீன் எழுத்து இதைத் தாங்கிக்கும். தமிழ்ல ண, ஞ, இ, ஜ மாதிரி சுழிக்குள்ள சுழி இருக்கிற எழுத்துக்குத் தாங்காது, உள்வட்டம் மூடிக்கும்.

தீர்வு: உண்மையான 700 கோப்பையும் சேர்த்து, ஃபான்ட்-ஃபேஸ்ல ஃபான்ட்-வெயிட்: 700 எழுதுங்க. எல்லா எடையும் ஒரே கோப்புல இருக்கிற வேரியபிள் ஃபான்ட்னா ஃபான்ட்-வெயிட்: 100 900 என்று வரம்பு எழுதணும், அதை விட்டுட்டா உலாவி அதை 400-ன்னே எடுத்துக்கிட்டு அதுக்கு மேல போலி போல்ட் போடும். அடிக்கடி நடக்கிற பிழை இது. கூடவே ஃபான்ட்-சிந்தெசிஸ்: நன். அப்போ கோப்பு வராத நேரத்தில் தலைப்பு மெலிசா இருக்கும், ஆனா சிதையாது. சாய்வெழுத்துக்கும் இதுவே. அழுத்தம் காட்டுற இஎம் டேக் தமிழ்ல வந்தா உலாவி எழுத்தைப் பிடிச்சு வலுக்கட்டாயமா சாய்க்கும். ஃபான்ட்-சிந்தெசிஸ் நன் வச்சாலே அது நின்னுடும். அழுத்தம் காட்ட நிறமோ 600 எடையோ போதும்.

ரெண்டாவது காரணம் மேக்கோட விளிம்பு மென்மையாக்கல். மேக்கின் எழுத்து வரையும் முறை உருவத்தை இயல்பாவே கொஞ்சம் தடிக்க வைக்கும். மோஹாவி, அதாவது 10.14, 2018-இல் வந்தப்போ, பிக்சலோட சிவப்பு, பச்சை, நீலப் பகுதியைத் தனித்தனியா பயன்படுத்துற துணைப்பிக்சல் முறையை இயல்புநிலையில் எடுத்தாங்க, ஆனா இந்தத் தடிப்பு போகலை. வெப்கிட்-ஃபான்ட்-ஸ்மூதிங்: ஆன்டிஏலியஸ்டு குரோம், சஃபாரிக்கு, மோஸ்-ஓஎஸ்எக்ஸ்-ஃபான்ட்-ஸ்மூதிங்: கிரேஸ்கேல் பயர்பாக்ஸுக்கு. முன்னாடி ஹைபன் சேர்த்து எழுதுங்க. ரெண்டும் மேக்ல மட்டும்தான் வேலை செய்யும். விண்டோஸ், ஆண்ட்ராய்டு சட்டையே பண்ணாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து இருக்கிற இடத்துக்கு மட்டும் வைக்கிறது நல்லது. வெள்ளைப் பின்னணியில் 14 பிக்சல் தமிழுக்கு வச்சா நூல் மாதிரி ஆயிடும்.

விண்டோஸ்ல ஒரு விஷயம் கவனிங்க. அங்க எழுத்தை வரையுற முறை கிளியர்டைப், அதில் எழுத்தின் விளிம்பில் சிவப்பு, நீலச் சாயல் இருக்கும். ஏதாவது ஒரு பெட்டிக்கு வில்-சேஞ்ச்: ட்ரான்ஸ்ஃபார்ம் வச்சோ, அனிமேஷன் ஓடியோ அது தனி அடுக்கா மாறி, அந்த அடுக்குக்கு ஒளிபுகாப் பின்னணி நிறமும் இல்லைன்னா, குரோம் அங்க மட்டும் நிறச்சாயல் இல்லாத சாம்பல் முறைக்கு மாறிடும். ஒரே பக்கத்தில் ஒரு கார்டு மட்டும் மங்கலா இருக்குன்னு வர்ற புகார்ல முக்கால்வாசி இதுதான். பின்னணி நிறம் கொடுங்க, இல்ல வில்-சேஞ்சை எடுங்க.

---

பக்கத்தறி:

மிக்க நன்றி. லைன்-ஹைட் 1.65, மின்-ஹைட், 700 கோப்பு மூன்றையும் சேர்த்தாயிற்று. வரி உயரமும் பொத்தானும் சரி. ண, ஞ தெளிவாகத் திறந்து நிற்கின்றன. ரெண்டர்டு ஃபான்ட்ஸில் நீங்கள் சொன்னபடியே ஏரியல், நிர்மலா இரண்டும் இருந்தன.

மிச்சம் இருப்பது மெனு இறங்குவதும் தேடல் நிறமும். இன்னொன்று புதிதாகக் கண்ணில் பட்டது: தலைப்பில் "குறிப்பு" என்ற சொல்லில் கு, பு இரண்டும் க, ப எழுத்தின் பக்கத்தில் உகரக் குறி தனியாக ஒட்டியதுபோல் வருகின்றன. அதே எழுத்துருவைப் பத்திக்கு வைத்துப் பார்த்தால் சரியாக வருகிறது.

---

ஒற்றுப்புள்ளி:

கு, பு உடைவது லெட்டர்-ஸ்பேசிங்கால். எழுத்துக்கிடையில் இடைவெளியைக் கூட்டினாலோ குறைத்தாலோ உலாவி விருப்ப இணைப்புகளை, அதாவது எழுத்துருவுக்குள் உள்ள லிகா, சிஎல்ஐஜி என்ற அம்சங்களை, அணைத்துவிட வேண்டும் என்பது விதி. மூன்று உலாவியும் அதைப் பின்பற்றுகின்றன. நன்றாகச் செய்த தமிழ் எழுத்துருவில் கு, டி, க்ஷ போன்றவை லிகாவில் இருக்கக் கூடாது. ஏகேஎச்என், ஏபிவிஎஸ், பிஎல்டபிள்யூஎஸ், பிஎஸ்டிஎஸ் போன்ற, இந்திய எழுத்துகளுக்கென்றே உள்ள அம்சங்களில் இருக்க வேண்டும். அவை எப்போதும் இயங்கும், லெட்டர்-ஸ்பேசிங் அவற்றைத் தொடாது. உங்கள் எழுத்துருவை உருவாக்கியவர் உகரத்தை லிகாவில் போட்டிருக்கிறார். பத்தியில் லெட்டர்-ஸ்பேசிங் இல்லாததால் அங்கே சரியாக இருந்தது.

தமிழ்த் தலைப்புக்கு −0.02 எம் தேவையே இல்லை. ஆங்கில வடிவமைப்பு வார்ப்புருவிலிருந்து அப்படியே வந்திருக்கும். எடுத்துவிடுங்கள். ஆங்கிலத் தலைப்புக்கு வேண்டுமானால் லாங் மதிப்பு ஆங்கிலமாக உள்ள உறுப்புக்கு மட்டும் தாருங்கள்.

தேடல் நிறம்: தேடிய சொல் "பட", பக்கத்தில் இருப்பது "படி" என்று வையுங்கள். உங்கள் ஸ்கிரிப்ட் குறியெண் (ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் உள்ள யூனிகோட் எண்) கணக்கில் ட வரை, மஞ்சள் பூசும் மார்க் டேக்குக்குள் போடுகிறது. இகரக் குறி வெளியே தனியாக விழுகிறது. மார்க் உறுப்பில் எடையோ எழுத்துருவோ மாறினால் எல்லா உலாவியிலும் எழுத்தையும் குறியையும் சேர்த்துக் கோப்பது அந்த இடத்தில் அறுபடும். ஆதரவற்று நிற்கும் இகரக் குறிக்குப் புள்ளிவட்டம் வந்துவிடும். நிறம் மட்டும் மாறினால் குரோமும் பயர்பாக்ஸும் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே கோத்துவிடும். சஃபாரியில் அந்த நம்பிக்கை வேண்டாம். கொம்பு உள்ள எழுத்தில் இன்னும் மோசம்: "கெ" என்பதில் குறியெண் வரிசைப்படி ககரம் முதலில், கொம்பு பிறகு. திரையில் கொம்பு முன்னால் நிற்கும். இடையில் டேக் விழுந்தால் எதற்கு மஞ்சள் பூசுவது என்றே உலாவிக்குத் தெரியாது.

இரண்டு வழி. ஒன்று, மார்க் போடும் முன் எல்லையை முழு எழுத்துக்கு நீட்டுங்கள். இன்ட்ல்.செக்மென்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பொருள் அதற்குத்தான்: மொழி தமிழ், கிரானுலாரிட்டி "கிராஃபீம்". குரோம் 87, சஃபாரி 14.1, பயர்பாக்ஸ் 125 முதல் உண்டு. மற்றொன்று, டேக்கே போடாமல் கஸ்டம் ஹைலைட் ஏபிஐ: தொடக்கம், முடிவு மட்டும் சொன்னால் போதும், பக்க அமைப்பு மாறாது, எழுத்தும் உடையாது. குரோம் 105, சஃபாரி 17.2, பயர்பாக்ஸ் 140. பழைய உலாவிகளையும் தாங்க வேண்டுமென்றால் முதல் வழி.

செக்மென்டர் ஸ்ரீயை இரண்டாகத்தான் எண்ணும்: ஸ், ரீ. யூனிகோட் 15.1-இல் தேவநாகரி, வங்கம், மலையாளம் போன்றவற்றுக்குக் கூட்டெழுத்தைப் பிரிக்காத விதி சேர்ந்தது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. க்ஷவும் அப்படியே. பத்தியின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் ஃபர்ஸ்ட்-லெட்டரைப் பயன்படுத்தினால் "ஸ்ரீ" என்று தொடங்கும் பத்தியில் ஸ் மட்டும் பெரிதாக வரக் காரணமும் இதுவே. அந்த இடத்தில் கையால் ஸ்பேன் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

---

கூர்முனை:

மெனு விஷயம். சொல்லின் அகலம் உலாவிக்கு உலாவி சில பிக்சல் மாறும். காரணம், எழுத்தின் நகர்வை முழு பிக்சலில் வைப்பதா, பின்னத்தில் விடுவதா என்பதில் ஒருமித்த நடைமுறை இல்லை. திரை அளவீடு 100% உள்ள கணினியில் முழு பிக்சலாக்கினால் பத்து எழுத்துச் சொல்லில் ஒவ்வொன்றிலும் கால் பிக்சல் மிகுந்து இரண்டரை பிக்சலாகிவிடும். 125% வைத்திருப்பவருக்கு வேறு கணக்கு. மெனுவில் பெட்டி அகலத்தைப் பிக்சலில் பொருத்தி வைத்திருந்தால் எங்காவது ஒரு கணினியில் உடையத்தான் செய்யும். ஃப்ளெக்ஸ் பெட்டியாக்கி கேப் தாருங்கள், உறுப்புகளுக்கு ஒயிட்-ஸ்பேஸ்: நோரேப், அகலம் எதுவும் வேண்டாம். மிக நீண்ட சொல்லுக்கும் இரண்டு எழுத்து இடமாவது மிஞ்ச வேண்டும்.

நீண்ட தமிழ்ச் சொற்கள் குறுகிய திரையில் பெட்டியை மீறினால் ஓவர்ஃப்ளோ-ரேப்: எனிவேர். வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல் வேண்டவே வேண்டாம். அது இடம் இருக்கும் வரியிலும் சொல்லை நறுக்கும். "வந்திருக்கிறார்கள்" என்பதில் கடைசி "ள்" மட்டும் அடுத்த வரியில் அநாதையாக நிற்கும். ஹைபன்ஸ்: ஆட்டோ வைத்தால் சொல்லை அசையில் பிரிக்கும். ஆனால் தமிழுக்குப் பிரிப்பு விதி அந்த உலாவியில் இருக்க வேண்டும், ஹெச்டிஎம்எல் டேக்கில் லாங் மதிப்பு "டிஏ" என்றும் இருக்க வேண்டும். வரிக்கடைசியில் கோடு வருவது உறுத்தினால் ஹைபனேட்-கேரக்டருக்கு வெற்று மேற்கோள் தாருங்கள்.

லாங் மதிப்புக்கு இன்னொரு விளைவும் உண்டு. பயர்பாக்ஸ் சான்ஸ்-செரிஃப் என்ற பொதுப்பெயரை மொழிவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. அமைப்புகள், ஃபான்ட்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால் "தமிழ்" என்று தனியே ஒரு பட்டியல் இருக்கும். குறைந்தபட்ச எழுத்தளவும் அங்கேயே. லாங் தமிழானால் அந்தப் பட்டியலில் உள்ளது வரும், இல்லையென்றால் வேறு. ஒரே பயர்பாக்ஸில் இரண்டு பக்கங்கள் வேறுபட்டுத் தெரிந்தால் முதலில் லாங்கைப் பாருங்கள்.

---

விளிம்புக்கோடு:

ஐபோனில் குரோமையும் சஃபாரியையும் தனித்தனியே சோதிக்க மெனக்கெட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2024-இல் ஐஓஎஸ் 17.4 தந்ததுபோல் சில நாடுகளுக்கு உள்ள விலக்கு நீங்கலாக, ஐபோனில் எந்தப் பெயரில் உலாவி இருந்தாலும் உள்ளே பக்கத்தை வரையும் பொறி சஃபாரியின் வெப்கிட்தான். விண்டோஸில் குரோமும் எட்ஜும் அதேபோல் ஒரே பிளிங்க், 2020 ஜனவரியிலிருந்து. எழுத்தைப் பொறுத்தவரை நீங்கள் சோதிக்க வேண்டிய கூட்டணி: விண்டோஸ்-பிளிங்க், விண்டோஸ்-கெக்கோ (பயர்பாக்ஸின் பொறி), மேக் அல்லது ஐபோன்-வெப்கிட், ஆண்ட்ராய்டு-பிளிங்க்.

ஐபோனை அகலவாக்கில் திருப்பினால் சில பத்திகள் மட்டும் பெரிதாகும். வெப்கிட்-டெக்ஸ்ட்-சைஸ்-அட்ஜஸ்ட்: 100% என்று முன்னே ஹைபனோடு எழுதினால் நிற்கும். "நன்" என்று எழுதாதீர்கள். பழைய டெஸ்க்டாப் வெப்கிட்டில் அது பக்கத்தைப் பெரிதாக்குவதையே தடுத்தது. இன்புட் பெட்டியின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால் ஐபோன் அதைத் தொட்டவுடன் பக்கத்தை இழுத்துப் பெரிதாக்கும், 16-ஆவது வையுங்கள்.

அடிக்கோடு பற்றி யாரும் சொல்லவில்லை. இணைப்புகளில் கு, ரு, மு, ழ என்று கீழே இறங்கும் எழுத்து வரும் இடமெல்லாம் அடிக்கோடு விட்டுவிட்டு வரும். டெக்ஸ்ட்-டெகரேஷன்-ஸ்கிப்-இங்க் இயல்பாகவே இயங்குவதுதான் காரணம். கோட்டின் இடத்தையும் தடிப்பையும் எழுத்துருவே சொல்வதால் உலாவிக்கு உலாவி அதுவும் மாறும். டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஆஃப்செட்: 0.3 எம், டெக்ஸ்ட்-டெகரேஷன்-திக்னெஸ்: 1 பிக்சல் என்று வைத்தால் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வரும். ஸ்கிப்-இங்கை நன் ஆக்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். ழகரத்தின் வாலைக் கோடு வெட்டினால் படிக்கச் சகிக்காது.

---

பக்கத்தறி:

லெட்டர்-ஸ்பேசிங் எடுத்ததும் கு, பு சரியாகிவிட்டது. செக்மென்டரும் வேலை செய்கிறது. கடைசியாக ஒன்று: 700 கோப்பைச் சேர்த்ததால் எழுத்துருக் கோப்புகளின் மொத்த அளவு கூடிவிட்டது. ஒரு ஆன்லைன் கருவியில் தமிழ் மட்டும் வைத்துச் சுருக்கினால் கு, டி, மீ எல்லாமே உடைகின்றன. இந்த முறை எல்லா உலாவியிலும் ஒன்றுபோலவே!

---

உருக்கூடம்:

அந்தக் கருவி எழுத்துருவின் ஜிசப் அட்டவணையைத் தூக்கி எறிந்திருக்கிறது. எழுத்துகள் சேர்ந்து புது உருவம் எடுப்பது எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். கு, டி போன்ற உருக்களுக்குத் தனிக் குறியெண் கிடையாது. குறியெண் பட்டியலை மட்டும் பார்த்துச் சுருக்கும் கருவி அவற்றைத் தேவையில்லாதவை என்று கருதிக் கழித்துவிடும்.

ஃபான்ட்டூல்ஸில் வரும் பைஎஃப்டிசப்செட்டைப் பயன்படுத்துங்கள். அது ஜிசப்பைத் தொடர்ந்து போய்ச் சேர்க்கையில் பிறக்கும் உருக்களையும் தானே எடுத்துக்கொள்ளும். லேஅவுட்-ஃபீச்சர்ஸ் தேர்வுக்கு உடுக்குறி (*) தந்துவிட்டால் எந்த அம்சமும் விடுபடாது. ஃப்ளேவர்: வோஃப்2, அதாவது சுருக்கிய வெப் ஃபான்ட் வடிவம். குறியெண்களில் தமிழ்த் தொகுதி முழுதும், பதின்ம எண்ணில் 2944 முதல் 3071 வரை. அதோடு இடைவெளி, நிறுத்தக்குறிகள், எண்கள், கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் இரண்டு (8204, 8205), புள்ளிவட்டம் (9676). இணைப்பான்களை விட்டால், க்‌ஷ என்று பிரித்துக் காட்ட யாராவது இடையில் அதைத் தட்டச்சியிருக்கும் இடத்தில் உலாவி வேறு எழுத்துருவுக்குத் தாவிவிடலாம்.

கோப்பின் அளவைக் குறைக்க உயிர்மெய் அடிப்படை எழுத்துகள் ஒரு கோப்பு, துணைக்குறிகள் ஒரு கோப்பு எனப் பிரிக்கும் யோசனை வந்தால் அதை விட்டுவிடுங்கள். ககரம் ஒரு கோப்பிலும் உகரக் குறி இன்னொன்றிலும் இருந்தால் அவை ஒருபோதும் சேராது. தமிழ் முழுதும் ஒரே கோப்பில் இருக்கட்டும். லத்தீனை வேண்டுமானால் தனிக் கோப்பாக்கி யூனிகோட்-ரேஞ்சால் பிரியுங்கள். ஃபான்ட்-டிஸ்ப்ளே: ஸ்வாப் வையுங்கள், இல்லையென்றால் மெதுவான இணைப்பில் உலாவி மூன்று விநாடி வரை தலைப்பை வெறுமையாக விட்டுவைக்கும். ஸ்வாப் வைத்தபின் எழுத்துரு மாறும் நொடியில் பக்கம் குதித்தால், மாற்று எழுத்துருவுக்கு லோக்கல் மூலம் நிர்மலா யுஐயைக் காட்டும் ஒரு ஃபான்ட்-ஃபேஸ் எழுதி அதில் சைஸ்-அட்ஜஸ்ட் தாருங்கள். ஒரே பத்தியை இரண்டு எழுத்துருவிலும் வைத்து அகலத்தை அளந்து, வெப் ஃபான்டின் அகலத்தை நிர்மலாவின் அகலத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வரும் சதவீதம்தான் அந்த மதிப்பு. குரோம் 92, பயர்பாக்ஸ் 92, சஃபாரி 17 முதல் ஏற்கும். மேக்குக்குத் தமிழ் சங்கம் எம்என்னை வைத்து இதேபோல் இன்னொரு விதி, வேறு பெயரில், வேறு சதவீதத்தோடு.